செருப்புக்காகக் காலை வெட்டுவதா? - சிறப்புக் கல்வி பற்றிச் சில கேள்விகள்

செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. சிறப்புக் கல்வி என்ற விஷயத்தில் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் நடக்கிற சண்டை முழுவதையும் இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம். குழந்தைக்கு என்ன தேவை என்று பார்த்து உதவியைக் கொடுப்பதா? அல்லது பள்ளியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்குள் குழந்தையைத் திணிப்பதா? யாரைக் கேட்டாலும் முதலாவதுதான் சரி என்பார்கள். ஆனால் நடைமுறையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இதைப் பற்றிப் பேச அமெரிக்காவை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தேவைக்கேற்ற கல்வி என்பதை அங்கே 1975லேயே சட்டமாக எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டாக வழக்கும் வாதமும் நடந்திருக்கின்றன. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதெல்லாம் ஆவணமாகவே கிடக்கிறது.

1975க்கு முன்னால்

முதலில் கொஞ்சம் வரலாறு. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவின் பல மாநிலங்களில் சில குழந்தைகளைப் 'படிக்க வைக்க முடியாதவர்கள்' என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. சட்டமே அதை அனுமதித்தது. பென்சில்வேனியாவில் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் அமைப்பு மாநில அரசின் மீது வழக்குப் போட்டது. 1971, 1972ஆம் ஆண்டுகளில் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்தக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி தர மாநிலம் ஒப்புக்கொண்டது.

1972இல் தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு வழக்கு. அங்கே பள்ளி நிர்வாகம் சொன்ன பதில் எல்லோருக்கும் பழக்கமானதுதான்: 'காசு இல்லை'. நீதிபதி ஜோசஃப் வாடி அதை ஏற்கவில்லை. பணம் போதவில்லை என்றால் அந்தக் கஷ்டத்தை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஊனமுற்ற குழந்தையின் தலையில் மட்டும் இறக்கி வைக்கக்கூடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். எவ்வளவு எளிய நியாயம்! ஆனால் இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

1975இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியபோது அந்தச் சட்டத்திலேயே ஒரு கணக்கை எழுதி வைத்தது. நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான ஊனமுற்ற குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருத்தமான கல்வி கிடைக்கவில்லை. 10 லட்சம் பேர் பொதுப்பள்ளிக்கே வெளியே இருந்தார்கள். அந்த நிலையில்தான் சட்டம் பிறந்தது. 1990இல் அதற்குப் பெயர் மாறியது. 'ஐடியா' என்ற சுருக்கப் பெயரால் இன்று அறியப்படுகிறது.

காகிதத்தில் உள்ள ஏற்பாடு

ஏற்பாடு என்னவோ அருமையானதுதான். குழந்தைக்குக் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு பள்ளி அதைப் பரிசோதிக்க வேண்டும். சம்மதம் கிடைத்த 60 நாட்களுக்குள் (மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அதற்குள்) அது முடிய வேண்டும். தகுதி உண்டு என்று முடிவானால் 30 நாட்களுக்குள் ஒரு கூட்டம். அதில் பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிர்வாகத்தின் பிரதிநிதி, பரிசோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்தவர் எல்லோரும் உட்கார வேண்டும். பொருத்தமாக இருந்தால் அந்தக் குழந்தையும் வரலாம்.

அந்தக் கூட்டத்தில் தயாராவதுதான் ஐ.இ.பி. என்று அழைக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டம். குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஓராண்டில் எங்கே போய்ச் சேர வேண்டும், அதற்கு என்ன உதவி, வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை. முடிந்தவரை மற்றக் குழந்தைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் குழந்தையின் நிலை, பிறகு இலக்கு, பிறகு உதவி, கடைசியில்தான் இடம். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. 'இந்தப் பள்ளியில் ஆட்டிச வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் இடமும் இருக்கிறது, எனவே இந்தப் பையன் அங்கே போகட்டும்' என்று தொடங்கி, அதற்குப் பொருந்துகிற மாதிரி இலக்கை எழுதினால் காகிதம் ஒழுங்காகத்தான் இருக்கும். கையெழுத்துகளும் இருக்கும். பையன் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பான்.

எவ்வளவு கொடுத்தால் போதும்?

சட்டம் 'பொருத்தமான கல்வி' என்றது. பொருத்தம் என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வி 1982இல் உச்சநீதிமன்றம் வரை போனது.

நியூயார்க் மாநிலத்தில் ஏமி ரௌலி என்ற சிறுமி. காது கேளாதவள், பெற்றோரும் காது கேளாதவர்கள். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரி. முதல் வகுப்பில் அவளுக்குப் பள்ளி ஒன்றும் கொடுக்காமல் இல்லை. ஆசிரியர் பேசுவதை அவள் காதுக்கு நேரே கொண்டுவரும் கருவி, தினமும் ஒரு மணி நேரம் தனி ஆசிரியர், வாரம் 3 மணி நேரம் பேச்சுப் பயிற்சி எல்லாம் உண்டு. பெற்றோர் கேட்டது சைகைமொழி பெயர்ப்பாளர். பள்ளி மறுத்தது. காரணம்? அவள்தான் நன்றாகத் தேர்ச்சி பெறுகிறாளே!

ஒரு சோதனையில் சைகை இல்லாமல் அவளால் 59 சதவீதச் சொற்களைத்தான் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. சைகை சேர்ந்தபோது நூற்றுக்கு நூறு. அதாவது பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு முழுப் பாடம். ஏமிக்கு அரையும் காலும். அந்த அரைகுறையை வைத்தே அவள் தேறிக் காட்டினாள் என்பது அவளுடைய திறமை. அதையே அவளுக்கு எதிரான வாதமாக மாற்றிவிட்டார்கள். 6க்கு 3 என்ற கணக்கில் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் அடிப்படையான ஒரு வாய்ப்பைத்தான் உறுதி செய்கிறது, ஒவ்வொரு குழந்தையின் முழுத் திறனையும் வெளிக்கொணர வேண்டும் என்று கட்டளையிடவில்லை என்றார்கள்.

இந்தத் தீர்ப்பின் நிழல் 35 ஆண்டுகள் நீடித்தது. சில நீதிமன்றங்கள் இதையும் இழுத்துச் சுருக்கி, ஒன்றுமில்லாததற்கு ஒரு படி மேலே ஏதாவது கொடுத்தால் போதும் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டன.

அப்படிப்பட்ட அளவுகோலில் மாட்டியவன்தான் கொலராடோ மாநிலத்தின் என்ட்ரூ. ஆட்டிசம் உள்ள சிறுவன். வகுப்பில் கத்துவான், மேசை நாற்காலி மேல் ஏறுவான், ஈயைக் கண்டால்கூட பயம். நான்காம் வகுப்பு வரை பொதுப்பள்ளியில் படித்தான். ஆண்டுதோறும் திட்டம் எழுதினார்கள். ஆனால் போன ஆண்டின் இலக்குகளே ஏறத்தாழ அப்படியே அடுத்த ஆண்டும் வந்தன. ஐந்தாம் வகுப்புக்கும் அதே கதை என்றானதும் 2010இல் பெற்றோர் அவனை ஒரு தனியார் சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவனுடைய நடத்தைக்கென்றே தனித் திட்டம் போட்டார்கள். பாட இலக்குகளையும் கூட்டினார்கள். சில மாதங்களிலேயே முன்னேற்றம் தெரிந்தது.

அதே பையன், அதே ஆட்டிசம். மாறியது திட்டம் மட்டும்தான். 'இவனால் இவ்வளவுதான் முடியும்' என்று சொல்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்ட பெற்றோர் கீழே எல்லாப் படிகளிலும் தோற்றார்கள். கடைசியில் 2017 மார்ச்சில் உச்சநீதிமன்றம் 8-0 என்று ஒருமனதாக அவர்கள் பக்கம் சாய்ந்தது. குழந்தையின் சூழ்நிலைக்குத் தகுந்த முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும், இலக்குகள் சவாலானவையாகவும் இருக்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 2018இல் கீழ் நீதிமன்றமும் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தது, சரி. ஆனால் 2010இல் சின்னப் பையனாக இருந்தவனின் பள்ளிப் பருவம் அதற்குள் முடிந்தேவிட்டது. அதை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்?

எண்ணிக்கைக்குள் அடங்கு!

இலக்கைக் குறைப்பது ஒரு வகை என்றால், குழந்தையையே கணக்கில் எடுக்காமல் விடுவது இன்னொரு வகை. டெக்சாஸில் அதுதான் நடந்தது.

2004இல் அந்த மாநிலக் கல்வித்துறை பள்ளி மாவட்டங்களைக் கண்காணிக்க ஒரு அளவுகோல் வைத்தது: சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் அந்த மாவட்டத்துக்கு மதிப்பெண் குறையும். அப்போது தேசிய அளவில் அந்த விகிதம் சுமார் 13 சதவீதம். டெக்சாஸிலேயே 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாநில விகிதம் 8.5ஐ ஒட்டி வந்து நின்றது. நாட்டிலேயே மிகக் குறைவு!

டெக்சாஸ் குழந்தைகள் எல்லாம் திடீரென்று குணமாகிவிட்டார்களா என்ன? இல்லை. பரிசோதனையைத் தள்ளிப் போட்டார்கள். 'முதலில் வகுப்பிலேயே கொஞ்சம் கூடுதல் உதவி செய்து பார்ப்போம்' என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளுக்கு வேறொரு சிறு உதவியைக் கொடுத்து, முழுப் பரிசோதனையைத் தவிர்த்தார்கள். 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதைத் தோண்டி எடுத்துத் தொடராக வெளியிட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் இப்படி உச்சவரம்பு வைப்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறையும் டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது.

இதில் கொடுமை என்னவென்றால், எந்த ஒரு ஆசிரியரும் 'இந்தக் குழந்தைக்கு உதவக்கூடாது' என்று நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே யாரோ ஒரு எண்ணை வைத்தார்கள். கீழே இருந்தவர்கள் அந்த எண்ணுக்கு வேலை பார்த்தார்கள். தேவை எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே விடையை எழுதிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பெயர்ச்சீட்டும் குழந்தையும்

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. தேவையில்லாத குழந்தையைச் சிறப்பு வகுப்பில் தள்ளுவது. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து, மதிப்பெண் குறைந்ததும் 'மந்தபுத்தி' வகுப்பில் போட்டார்கள். அது குறித்த வழக்கு 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. அதே மாநிலத்தில் அப்படிப்பட்ட வகுப்புகளில் கால் பங்குக்கும் மேல் கறுப்பினக் குழந்தைகள் இருந்தார்கள். மாநிலப் பள்ளி மாணவர்களில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1979இல் ஒரு மத்திய நீதிமன்றம், கறுப்பினக் குழந்தைகளை அந்த வகுப்புகளில் போடுவதற்கு அத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக்கூடாது என்று தடுத்தது.

இந்த அனுபவங்களால்தான் குழந்தையின் தாய்மொழியில் பரிசோதிக்க வேண்டும், ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கின்றன.

சட்டம் 13 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அந்தப் பெயர் எதற்கு? உள்ளே நுழைய ஒரு சீட்டு, அவ்வளவுதான். உள்ளே போன பிறகு என்ன கிடைக்கும் என்பதைப் பெயர் முடிவு செய்யக்கூடாது. 'ஆட்டிசம்' என்ற ஒரே பெயரின் கீழ் கணக்கில் புலியாக இருந்து நண்பர்களோடு பேசத் தெரியாத பிள்ளையும் இருக்கும். ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளையும் இருக்கும். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பயிற்சி என்றால் அதற்குத் தனிநபர் திட்டம் என்ற பெயர் எதற்கு?

காசு இல்லையே, என்ன செய்வது?

பள்ளிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்கள் எல்லோரும் வில்லன்கள் அல்ல. 1975இல் மத்திய அரசு ஒரு வாக்குறுதி கொடுத்தது: ஒரு மாணவருக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை, சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் தருவோம் என்று. ஒரு ஆண்டில்கூட அந்த 40ஐ எட்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் 15 சதவீதம்கூட இல்லை. கையெழுத்திட்ட அதிபர் ஜெரால்ட் ஃபோர்டே, இந்தச் சட்டம் கொடுக்க முடிவதைவிட அதிகமாக வாக்களிக்கிறது என்று அன்றே எச்சரித்தார். மீதிப் பணத்தை மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும்தான் தேட வேண்டும். 2022-23 கல்வியாண்டில் 3 முதல் 21 வயது வரை சுமார் 75 லட்சம் பேர் இந்தச் சேவையைப் பெற்றார்கள். பொதுப்பள்ளி மாணவர்களில் 15 சதவீதம். இத்தனை பேருக்குப் போதுமான சிறப்பாசிரியர்களும் இல்லை.

ஆகவே தலைமையாசிரியர் கை பிசைவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்காகத் திட்டத்தில் பொய் எழுதுவது தீர்வாகாது. 'இந்தக் குழந்தைக்கு வாரம் 3 மணி நேரம் பேச்சுப் பயிற்சி தேவை. எங்களிடம் ஆள் இல்லை' என்று எழுதினால், குறை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் காட்டிப் பணம் கேட்கலாம், ஆள் கேட்கலாம். 'இந்தக் குழந்தைக்கு அரை மணி நேரம் போதும்' என்று எழுதிவிட்டால் குறை பள்ளியிலிருந்து மறைந்து குழந்தையின் மேல் ஏறிக்கொள்கிறது. பற்றாக்குறையும் கணக்கில் வராது; எனவே அது தீரவும் தீராது.

1999இல் ஐயோவா மாநில வழக்கு ஒன்றில், வென்டிலேட்டர் உதவியோடு சுவாசிக்கும் மாணவருக்குப் பள்ளி நேரம் முழுவதும் செவிலியர் உதவி தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. செலவு அதிகம் என்ற வாதம் எடுபடவில்லை. அந்த உதவி இல்லாவிட்டால் அவரால் வகுப்புக்குள்ளேயே வர முடியாது என்பதுதான் முடிவான காரணம். தேவை என்ன என்ற கேள்வியை முதலில் கேட்டால் பதில் எவ்வளவு தெளிவாக வருகிறது பாருங்கள்.

பேசத் தெரிந்தவருக்கு மட்டுமா?

இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பெற்றோர் சண்டை போட்டால்தான் அது சரியாக ஓடுகிறது. 2005இல் உச்சநீதிமன்றம், திட்டம் சரியில்லை என்று முறையிடுபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றது. பெரும்பாலும் முறையிடுபவர் பெற்றோர்தானே? 2006இல், வழக்கில் பெற்றோர் வென்றாலும் அவர்கள் அழைத்து வந்த நிபுணரின் கட்டணத்தைப் பள்ளி தர வேண்டியதில்லை என்றது. ஆக, வழக்கறிஞரும் நிபுணரும் வைக்க முடிந்த குடும்பத்துக்கு ஒரு சட்டம், இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் குடும்பத்துக்கு ஒரு சட்டம் என்றாகிவிடுகிறது.

அமெரிக்காவுக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஆசிரியரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள், ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது சகஜம். 'நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்' என்ற பயம் வேறு. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெற்றோர் விருந்தாளி அல்ல, உறுப்பினர். ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. கேட்டதை மறுத்தால், ஏன் மறுத்தோம் என்று எழுத்தில் தர வேண்டியதும் கடமைதான். இது தெரியாததால் இழப்பு குழந்தைக்கு.

என்ன செய்யலாம்?

புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இருப்பதை ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடியும்.

முதலாவது, கூட்டத்தில் எந்த வகுப்பு, எந்த அறை என்ற பேச்சு கடைசியில்தான் வர வேண்டும்.

இரண்டாவது, இலக்கை அளக்க முடிய வேண்டும். 'வாசிப்பு மேம்படும்' என்பது இலக்கல்ல. 'இப்போது நிமிடத்துக்கு 20 சொல் வாசிக்கிற பிள்ளை, ஆண்டு முடிவில் 50 சொல் வாசிக்கும்' என்பது இலக்கு. போன ஆண்டு இலக்கே இந்த ஆண்டும் வந்தால் அது எச்சரிக்கை மணி. தவறு பிள்ளையிடம் இல்லை, திட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திட்டத்தை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, எழுதியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று இருக்கக்கூடாது. வாரம் 2 மணி நேரம் என்று எழுதியதில் எத்தனை மணி நேரம் உண்மையில் நடந்தது என்ற கணக்கு, கேட்காமலே பெற்றோருக்கு வர வேண்டும்.

நான்காவது, 40 சதவீதம் தருகிறேன் என்று சொன்னவர்கள் அதைத் தர வேண்டும்; அல்லது ஏன் தரவில்லை என்று ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் கொடுக்க முடியாது என்பார்கள். உண்மைதான். யாரும் எல்லாவற்றையும் கேட்கவில்லை. ஏமியின் பெற்றோர் கேட்டது வகுப்பில் நடப்பதை அவளுக்குச் சொல்ல ஒரு ஆள். என்ட்ரூவின் பெற்றோர் கேட்டது போன ஆண்டுத் திட்டத்தின் நகலாக இல்லாத ஒரு திட்டம். டெக்சாஸ் பெற்றோர் கேட்டது வெறும் ஒரு பரிசோதனை. இதில் எது பேராசை?

ஒரு பள்ளி தன் சிறப்புக் கல்வியைப் பற்றிப் பெருமை பேசும்போது அங்கே எத்தனை அறைகள், எத்தனை கருவிகள் என்று கேட்டுப் பயனில்லை. இந்த ஆண்டு எத்தனை குழந்தைகளின் திட்டத்தை அவர்களுக்காக மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் வராவிட்டால், அங்கே இருப்பது வசதி மட்டும்தான்.